ஸ்டேஷன் சொல்லாத 'சரி'

இப்போது அந்தத் தெருவில் யாரும் நிற்பதில்லை. மேம்பாலத்தில் ஏறி, ஒரு வளைவு வளைந்து, இறங்கிப் போய்விடுகிறார்கள். கீழே தண்டவாளம் கிடக்கிறதா, கால்வாய் ஓடுகிறதா என்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை. அவசரக்காரர்களுக்கு அது பெரிய வசதிதான். குறை சொல்லவில்லை.

ஆனாலும் ஒரு காலத்தில் நகரமே அந்த இடத்தில் நின்றது. முதலில் கால்வாயின் மேல் பழைய இரும்புப் பாலம். அதைத் தாண்டினால் ரயில்வே கேட். பாலம் ஆடும், கேட் மூடும். இந்த இரண்டையும் சமாளித்து வந்தவனுக்குத்தான் அந்தப் பக்கத்து ஆபீஸும் ஆஸ்பத்திரியும். கேட் விழுந்துவிட்டால் முதலாளியின் காரும் மூட்டை தூக்குகிறவனின் தள்ளுவண்டியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். பேசாத மாமியாரும் மருமகளும் ஒரே ரிக்‌ஷாவில் உட்கார்ந்து வேறு வழியில்லாமல் பேசிக்கொள்வார்கள். ஒரு பஸ் டிரைவர் பக்கவாட்டுக் கண்ணாடியைத் திருப்பி வைத்து மீசையைக் கத்தரித்துக்கொள்வார். பாதியில் கேட் திறந்துவிட்டால் ஒரு பக்கம் மட்டும் செதுக்கிய மீசையோடு நகரத்தைச் சுற்றிவிட்டு, மறுபாதிக்கு அடுத்த ரயிலை எதிர்பார்த்து வருவார்.

அந்த கேட்டை ஏற்றி இறக்கியவள் ஒரு பெண். அவளைவிட மூத்த லாரிக்காரர்களும் அவளை 'கேட்டக்கா' என்றுதான் அழைத்தார்கள். அப்பா பார்த்த வேலை அது. ஒரு மழைக்காலத்தில் அவர் திடீரென்று கண்ணை மூடியபோது, வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. பள்ளிக்கூடம் போகிற தங்கை. அப்பாவின் காக்கிக் கோட்டைத் தோள்பட்டையில் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு அவள் வேலைக்கு வந்தாள். அப்போது அவள் தலையில் ஒரு நரை கிடையாது.

கேட் அறை என்பது நீட்டிப் படுத்தால் கால் வெளியே போகிற அளவு. ஒரு ஸ்டூல், ஒரு மண்பானை, சுவரில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி. கேட்டை ஏற்றி இறக்க வெளியே ஒரு பெரிய இரும்புச் சக்கரம். எல்லாவற்றுக்கும் மேலே, ஜன்னலோரம், கறுப்பு டெலிபோன். அதன் கம்பி வேறு எங்கும் போகாது. நேரே ஸ்டேஷனில் இருக்கும் கேபினுக்குப் போகும். அங்கே ஒருவர் எடுப்பார். அவ்வளவுதான் அந்த டெலிபோனின் உலகம்.

அதில் பேச ஒரு முறை இருந்தது. ஸ்டேஷன் ஒரு செய்தி சொல்லும். கேட் அதை ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொல்லும். கேட்டுவிட்டு ஸ்டேஷன் 'சரி' என்று சொல்ல வேண்டும். அந்தச் 'சரி' வந்தால்தான் செய்தி செல்லுபடியாகும். வராவிட்டால் அந்தச் செய்தி ரத்து, சொன்னதாகவே கணக்கில்லை. மூடுவதற்கும் இதே முறைதான், திறப்பதற்கும் இதே முறைதான். உயிர்கள் சம்பந்தப்பட்ட விஷயம், விளையாட்டில்லை.

இந்தப் பழக்கம் அவளுக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. வீட்டுக்குப் போனாலும் விடவில்லை.

"அக்கா, பால் பொங்குது!" என்று தங்கை கத்துவாள்.

"பால் பொங்குது," என்று திருப்பிச் சொல்லிவிட்டு இவள் அடுப்பின் பக்கத்திலேயே நிற்பாள்.

"ஐயோ, சரி! சரி! சரி! அடுப்ப அணைச்சுத் தொலை! இந்த வீட்ல பால்கூட ஸ்டேஷன்ல கேட்டுட்டுத்தான் பொங்கணும் போல."

படுக்கையில் கிடக்கிற அம்மாவே சிரித்துவிடுவாள்.

கேபினில் இருந்தவர் அவளைவிடச் சில வயது மூத்தவர். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் மனைவியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருக்குப் பேச்சில் ஒரு தடை. சொந்தமாக ஏதாவது சொல்ல வந்தால் வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொள்ளும். முதல் எழுத்து வரும், அடுத்தது வராது. சிலசமயம் முதல் எழுத்தே வராது. ஆனால் டூட்டிச் செய்தி சொல்லும்போது மட்டும் தண்ணீர் மாதிரி ஓடும். "கேட்டை மூடலாம்," "கேட்டைத் திறக்கலாம்," "சரி." இவை எங்கும் சிக்கியதில்லை. அதிலும் அந்தச் 'சரி', நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி மழமழவென்று ஆகிவிட்ட ஒரு கூழாங்கல்.

ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவர் அவளை 'கேட்' என்பார். அவள் அவரை 'ஸ்டேஷன்' என்பாள். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள்.

"கேட், அங்க ம… ம… மழையா?"

"தூறுது ஸ்டேஷன். அங்க?"

"இ… இன்னும் வரல."

"இந்தப் பக்கத்துலேர்ந்து அனுப்பி வைக்கிறேன். குடை இருக்கா?"

அவர் சிரிப்பதில் மட்டும் தடை கிடையாது.

அவருக்கு வார்த்தை மாட்டிக்கொள்ளும்போது அவள் எடுத்துக்கொடுக்க மாட்டாள். மற்றவர்கள் எல்லாரும் அவசரப்பட்டு அவர் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கி முடித்துவைப்பார்கள். இவள் ரிசீவரைக் காதில் வைத்தபடி சும்மா இருப்பாள். அந்தச் சும்மா இருத்தலுக்காகவே அவர் பேசினார் என்று நினைக்கிறேன்.

நேரில் பார்த்தால்தான் வேடிக்கை. ஆண்டுதோறும் ஊழியர்களுக்குக் கண் பரிசோதனை நடக்கும். டாக்டர் அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு, இரண்டு பேரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"கீழ் வரிசை எழுத்து தெரிஞ்சுதா?" என்பாள்.

"தெ… தெரிஞ்சுது," என்பார்.

அத்தோடு அடுத்த வருஷம்தான். ஆனால் மறுநாள் டெலிபோனில், "நேத்து அந்த டாக்டரோட கண்ணாடியப் பாத்தீங்களா? நம்மளவிட அவருக்குத்தான் பரிசோதனை வேணும்," என்று ஆரம்பித்து இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றுமில்லை.

ஒரு நாள் காலை. கூட்ஸ் வண்டி போய் முடிந்தது. "கேட்டைத் திறக்கலாம்" என்றார். திருப்பிச் சொன்னாள். "சரி" வந்தது. ரிசீவரை வைக்கப் போனவளை அவர் குரல் நிறுத்தியது.

"கேட். இன்னொரு செய்தி."

"சொல்லுங்க ஸ்டேஷன்."

"நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்."

ஒரு தடங்கல் இல்லாமல், டூட்டிச் செய்தியைப் போலவே ஒரே மூச்சில் வந்தது. எத்தனை நாள் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பாரோ! அவளுக்குக் காது சுட்டது. வாய் மட்டும் பழக்கம் மாறாமல், ஆனால் உயிரையெல்லாம் அதில் வைத்து, திருப்பிச் சொன்னது:

"நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்."

சொல்லிவிட்டு அவருடைய 'சரி'க்குக் காத்திருந்தாள்.

வரவில்லை.

ரிசீவரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வெளியே ஹாரன்கள் அலறின. வண்டி போய்விட்டது, கேட் இன்னும் கிடக்கிறது. "கேட்டக்கா, தூங்கிட்டீங்களா?" என்று ஒருவன் கத்தினான். தன் சொந்த விஷயத்துக்காகத் தெருவை நிறுத்திவைப்பதா? அவள் அப்படிப்பட்டவள் இல்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். ஹாரன் சத்தம் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது. ரிசீவரை வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சக்கரத்தைச் சுற்றினாள்.

வேறொரு பெண்ணாக இருந்தால், 'பாவம், அவருக்கு வாய் மாட்டிக்கொண்டிருக்கும்' என்று நினைத்திருப்பாள். இவளால் அப்படி நினைக்க முடியவில்லை. ஏனென்றால் அவருக்கு உலகத்தில் எந்தச் சொல் மாட்டினாலும் 'சரி' மாட்டியதில்லை. காலையில் வந்ததிலிருந்து அதையே அவர் எத்தனை தடவை சொல்லிவிட்டார்! அதை ஒருவர் சொல்லவில்லை என்றால் சொல்ல விருப்பமில்லை என்றுதானே அர்த்தம்? தன் குரலில் இருந்த ஆசையைக் கேட்டுப் பயந்துவிட்டாரோ, அவசரத்தில் சொல்லிவிட்டு யோசிக்க ஆரம்பித்துவிட்டாரோ என்று அவள் மருகினாள். சரி வராத செய்தி ரத்து. அப்பா சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

அடுத்த வண்டிக்கு டெலிபோன் அடித்தது. "கேட்டை மூடலாம்." திருப்பிச் சொன்னாள். "சரி." எப்போதும் போல, கூழாங்கல் மாதிரி.

அந்தச் 'சரி'யைக் கேட்டதும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதற்கு வருகிறதே!

ஒரு வாரம் டூட்டிப் பேச்சு மட்டும். பிறகு ஒரு நாள் அவர், "அங்க ம… மழையா?" என்றார். அவள், "தூறுது," என்றாள். எல்லாம் பழையபடி ஆனது. அந்த ஒரு செய்தி மட்டும், சிக்னல் கிடைக்காமல் அவுட்டரில் நிற்கிற ரயில் மாதிரி, இரண்டு பேருக்கும் நடுவே நின்றுகொண்டே இருந்தது. அவள் கேட்கவில்லை. கேட்டு அவர், 'அது சும்மா சொன்னது' என்றுவிட்டால்? இருக்கிற மழைப் பேச்சும் போய்விடுமே!

வருஷங்கள் போயின. அம்மா போனாள். தங்கை படித்து, கல்யாணமாகி, தூரத்து நகரம் ஒன்றில் வீடு கட்டினாள். கேட்டக்காவின் தலை வெளுத்தது. டூட்டி முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது பழைய பாலத்தின் நடுவில் ஒரு நிமிஷம் நிற்பாள். அங்கே கைப்பிடி சற்று வெளியே வளைந்து, ஒரு ஆள் ஒதுங்கி நிற்க இடம் கொடுக்கும். அங்கிருந்து பார்த்தால் கேபினின் மாடி ஜன்னல் தெரியும். சிலநாள் ஜன்னலில் ஓர் உருவமும் தெரியும். சிக்னலைப் பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு இறங்கி நடப்பாள்.

பாலத்துக்கும் வயதாகிவிட்டது. கனரக வண்டிகள் ஏறக் கூடாது என்று முதலில் பலகை வைத்தார்கள். பிறகு பஸ்ஸிலிருந்து ஆட்களை இறக்கிவிட்டு, காலி பஸ்ஸை மட்டும் விட்டார்கள். பாலத்தின் காலடியில் சாவி செய்து கொடுக்கும் கடைக்காரர் ஒருவர் இருந்தார். வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாத மனுஷன்.

"கேட்டக்கா, நேத்து நம்ம பாலத்துல ஒரு குண்டு ஆளு நடந்து போனாரு. பாலம் 'அம்மா'ன்னுச்சு. காதால கேட்டேன்."

"உங்க வாய்க்கு முன்னாடி அந்தப் பாலம் எவ்வளவோ பலம்."

"சிரிங்க, சிரிங்க. இதை இடிச்சுட்டு, உங்க கேட்டையும் தூக்கிட்டு, ரெண்டுக்கும் சேத்து ஒரே மேம்பாலமா கட்டப் போறாங்களாம். அப்புறம் நீங்க யாரை நிறுத்துவீங்க?"

அவர் அளந்துவிட்டார் என்றுதான் நினைத்தாள். ஆனால் அது உண்மையாகவே வந்தது. மஞ்சள் தொப்பிக்காரர்கள் வந்து சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். கால்வாயின் இரண்டு கரையிலும் தூண்கள் முளைத்தன. நகரமே சந்தோஷப்பட்டது. மீசை டிரைவர் மட்டும், "இனிமே வீட்லயே வெட்டிக்கணுமா? பொண்டாட்டி கண்ணாடியத் தர மாட்டாளே," என்று கவலைப்பட்டார்.

தங்கை உடனே ஊரிலிருந்து கிளம்பி வந்துவிட்டாள்.

"அக்கா, எங்க ஊர் ஸ்டேஷன்ல உனக்கு மாத்தல் வாங்கலாம்னு எங்க வீட்டுக்காரர் விசாரிச்சுட்டார். மாடியில உனக்குத் தனி ரூம். வந்துடு. இங்க உனக்கு யாரு இருக்கா?"

"இங்க உனக்கு யாரு இருக்கா," என்றாள் அக்கா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"திருப்பிச் சொல்லாத. பதில் சொல்லு."

அக்கா அடுப்பைப் பார்க்கப் போனாள். தங்கை பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். கேட்டை எடுத்துவிடுகிற அன்றைக்கே அந்த டெலிபோன் கம்பியையும் வெட்டிவிடுவார்கள் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். கம்பி போனால் அந்த ஒரு செய்தி போனது போனதுதான். டெலிபோன் இல்லாமல் அவர்கள் இருவரும் யார்? செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இரண்டு பேர்.

கடைசி நாளுக்கு முந்தின மாலை. பாலத்தில் நடக்கிறவர்களைத் தவிர யாரையும் விடவில்லை. ஒரு பக்கக் கைப்பிடியை அதற்குள் கழற்றி அடுக்கிவிட்டார்கள். வெளியே வளைந்த அந்த இடம் மட்டும் இன்னும் இருந்தது. அவள் கடைசியாக ஒரு தடவை அங்கே நிற்கலாம் என்று போனாள்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். கையில் குடை. நரைத்த தலை. கேபின் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டேஷன்?" என்றாள்.

அவர் திரும்பினார். முகம் சிவந்துவிட்டது. "இ… இங்கேர்ந்து பாத்தா எ… எப்படித் தெரியும்னு பாக்க வந்தேன்."

"எது?"

"என் ஜ… ஜன்னல். நீங்க தினமும் இங்க நின்னு த… தண்ணியப் பாப்பீங்கல்ல?"

"நான் தண்ணியப் பாக்கல," என்றாள். பிறகு மெதுவாக, "நீங்க சிக்னலப் பாக்கறீங்கன்னு நெனச்சேன்."

"சி… சிக்னல் அந்த ஜன்னல்ல தெரியாது."

கீழே கால்வாயில் எங்கிருந்தோ மிதந்து வந்த ஒரு பந்து தூணில் முட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். பாலம் லேசாக ஆடியது. அவர்கள் இரண்டு பேர் மட்டும் நின்றதற்கே ஆடியதென்றால், பாலம் ஆடியதா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியாது.

"நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்," என்றாள். "நாளைக்குச் சாயங்கால வண்டிக்கே."

அவர் தலையாட்டினார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. பாத்துப் போங்க."

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. உதடு நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்கள் கலங்கின. குடையை இறுகப் பிடித்துக்கொண்டார். சத்தமே இல்லாமல் ஒரு மனிதன் ஒரு வார்த்தையோடு மல்லுக்கட்டுவதை அவள் அப்போதுதான் கண்ணால் பார்த்தாள். அவள் வழக்கம்போல எடுத்துக்கொடுக்காமல் காத்திருந்தாள். கடைசியில் அது உடைந்து வந்தது.

"ச… ச… சரி."

அவர் விறுவிறுவென்று நடந்து போய்விட்டார். அவள் அங்கேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

சரி மாட்டுமா? அந்தச் சொல்லும் மாட்டுமா? மாட்டினால் சத்தம்கூட வராதா?

அப்படியென்றால் அன்று காலை… அந்தக் கம்பியின் மறுமுனையில்… அவர் இப்படித்தான் நின்றிருந்தாரா? கழுத்து நரம்பு புடைக்க, கண் கலங்க, அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாரா? அப்போதுதானா அவள் ரிசீவரை வைத்தாள்?

வீட்டுக்குப் போய் அவள் சாப்பிடவில்லை. தங்கை, "என்னக்கா, கேட்டுக்காகவா இவ்ளோ அழுகை? அதுக்கு வர்ணம் அடிச்சு நம்ம வீட்டு வாசல்ல நட்டு வைக்கட்டுமா?" என்று கேலி செய்துபார்த்தாள். பலிக்கவில்லை.

மறுநாள் தெருவே திருவிழா மாதிரி இருந்தது. மேம்பாலத்தின் முகப்பில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். அதிகாரிகள் வந்திருந்தார்கள். பாசஞ்சர் வண்டி போனதும் கேட்டைக் கடைசியாக ஏற்றி, அத்தோடு கழற்றிவிட்டு, பிறகுதான் ரிப்பனை வெட்டி மேம்பாலத்தைத் திறப்பது என்று ஏற்பாடு. கேட்டின் இரண்டு பக்கமும் ஜனம்; மேம்பாலத்தில் முதல் ஆளாக ஏற பஸ், கார், தள்ளுவண்டி எல்லாம் வரிசையில். சாவிக்கடைக்காரர் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். டெலிபோன் லைன்மேன் கட்டிங் பிளேயரோடு கேட் அறை வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தார். தங்கை பெட்டியோடு நிழலில் நின்றாள்.

டெலிபோன் அடித்தது.

"கேட். பாசஞ்சர் கிளம்பியாச்சு. கேட்டை மூடலாம்."

"பாசஞ்சர் கிளம்பியாச்சு. கேட்டை மூடலாம்."

"சரி."

இறக்கினாள். வண்டி வந்தது. ஜன்னல் ஜன்னலாகக் கைகள் ஆடின. என்ஜின் டிரைவர் அவளைப் பார்த்து நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனார். கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்தது. அவள் உள்ளே வந்து ரிசீவரை எடுத்தாள்.

"ஸ்டேஷன். வண்டி கேட்டைத் தாண்டியாச்சு."

"வண்டி தா… தாண்டியாச்சு. கேட்டைத் திற…"

"இருங்க ஸ்டேஷன். அதுக்கு முன்னாடி ஒரு பழைய செய்தி பாக்கி இருக்கு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"'நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்.' நீங்க சொன்ன செய்தி. நான் திருப்பிச் சொன்னேன். இப்பவும் சொல்றேன். நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம். இதுக்கு இன்னும் சரி வரல."

மௌனம். மூச்சுச் சத்தம்கூட இல்லை. அதே மௌனம். ஆனால் இன்று அவளுக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

வெளியே முதல் ஹாரன் அடித்தது. அடுத்து ஒன்று. பிறகு பத்து. சாவிக்கடைக்காரரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: "கேட்டக்கா! கடைசி நாள்னு ரொம்பத்தான் பிரியாவிடை கொடுக்கறீங்க! திறந்து விடுங்கக்கா, கால் கடுக்குது!"

அவள் அசையவில்லை.

அதிகாரி ஒருவர் அவசரமாக வந்து வாசலில் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, வண்டிதான் போயிடுச்சே! அங்க ரிப்பன் வெட்டக் காத்திருக்காங்க. ஏன் திறக்கல?"

கேட்டக்கா ரிசீவரின் வாயைப் பொத்தினாள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் டூட்டிக் குரல்.

"ஸ்டேஷன் இன்னும் சரி சொல்லலைங்க சார்."

முறை முறைதான். அதிகாரியால் என்ன சொல்ல முடியும்? "ஓ," என்றார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவரும் காத்திருந்தார். லைன்மேன் காத்திருந்தார். ரிப்பன் காத்திருந்தது. பஸ்ஸும் காரும் தள்ளுவண்டியும் காத்திருந்தன. தன் வாழ்க்கையில் ஒரு நொடிகூடத் தனக்காக நிறுத்தாத தெருவை அவள் அன்று நிறுத்திவைத்திருந்தாள்.

ரிசீவரில் மெதுவாக ஒரு காற்றுச் சத்தம் கேட்டது. யாரோ சேற்றிலிருந்து காலை இழுப்பது போல.

"ச…"

அவள் எடுத்துக்கொடுக்கவில்லை.

"ச… ச…"

"மெதுவா ஸ்டேஷன். எனக்கு அவசரமில்ல."

ஹாரன்கள் அலறின. அவள் காதில் அவை விழவில்லை. அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு, அத்தனை வருஷமும் தொண்டையில் நின்ற அந்தக் கல் உருண்டு விழுந்தது.

"சரி. கேட், சரி. சரி."

ஒரு தடவை சொன்னால் போதும் என்பதுதான் முறை. அவள் திருத்தவில்லை.

பிறகு "கேட்டைத் திறக்கலாம்" என்ற செய்தியும் வந்தது, முறைப்படி அவள் திருப்பிச் சொன்னாள், அதற்கும் சரி வந்தது. அது சுலபமாக வந்த சரி. ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்து சக்கரத்தைப் பிடித்தாள். கேட் மெல்ல எழுந்தது. ஜனம் கை தட்டியது. கேட்டுக்காக என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

"அழாதீங்கக்கா," என்றார் சாவிக்கடைக்காரர், தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு. "கேட் போனா என்ன? நாங்க இல்ல?"

"நீங்க இருக்கறதுதான் கவலை," என்றாள் அழுதுகொண்டே சிரித்து. திரும்பி லைன்மேனிடம், "இப்ப வெட்டிக்கோங்க தம்பி," என்றாள்.

தங்கையிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது.

"என்னது? எத்தன வருஷம்? அடிப்பாவி! ஒரு சரிக்காகவா? எங்கிட்ட சொல்லியிருந்தா நான் அன்னைக்கே ஓடிப்போய் அவரு முதுகுல ஒண்ணு வெச்சு வாங்கிட்டு வந்திருப்பேனே!"

"வாங்கிட்டு வந்திருப்பேனே," என்றாள் அக்கா.

"திருப்பிச் சொல்லாத!" என்று தங்கை அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

இடையில் போன வருஷங்களை யாராலும் திருப்பிச் சொல்ல முடியாது. கல்யாணத்தன்று இரண்டு தலையும் நரைத்திருந்தன. அம்மா பார்க்கவில்லை. அப்பா பார்க்கவில்லை. பழைய பாலத்தை அந்த வாரமே பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த வளைந்த கைப்பிடித் துண்டை மட்டும் சாவிக்கடைக்காரர் எப்படியோ கெஞ்சி வாங்கிவந்து கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். "பூட்டெல்லாம் கிடையாது, தாராளமா சாஞ்சு நில்லுங்க," என்றார்.

அது இப்போது அவர்கள் வீட்டு மாடி ஜன்னலுக்கு வெளியே பொருத்தப்பட்டிருக்கிறது. சாயங்காலங்களில் இரண்டு பேரும் அதில் கை ஊன்றி நின்று, மேம்பாலத்தில் நிற்காமல் ஓடும் வண்டிகளைப் பார்க்கிறார்கள்.

"ம… மழை வரும் போல," என்பார்.

"மழை வரும் போல," என்பாள்.

பிறகு அவள் காத்திருப்பாள். சிலநாள் உடனே வரும். சிலநாள் வர வெகுநேரமாகும். இப்போது பின்னால் ஹாரன் அடிக்க யாருமில்லை.